எஞ்சின் மூடியில் ஒயில் கசிகிறதா? போல்ட்டுகளை முறையாக இறுக்குங்கள்

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் அன்றாடம் ஓடும் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் அடியில், செம்புழுதி ஒயிலோடு குழைந்து கறுத்த களியாக ஒட்டியிருந்தால், பக்க மூடியின் போல்ட்டுகள் அதிர்வில் தளர்ந்திருக்கக்கூடும். அதற்காக உடனே ஸ்பனரை எடுக்க வேண்டாம். கசியும் இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள்.

எஞ்சின் ஆறிய பின் மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையால் களியைக் கழுவித் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். மூடியின் விளிம்பு நெடுகிலும் முகப்பவுடரைத் தூவி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால், கசியும் இடத்தில் பவுடர் நனைந்து நிறம் மாறும். கிக்கர் தண்டையோ கியர் தண்டையோ சுற்றி நனைந்தால் பழுது ஒயில் சீலில் (தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் ரப்பர் வளையத்தில்) இருக்கிறது. போல்ட்டை இறுக்கிப் பயனில்லை.

விளிம்பில்தான் கசிவு என்றால், எஞ்சினை மறுபடி ஆறவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சிறிய மோட்டார் சைக்கிள்களில் இவை பெரும்பாலும் 8 மி.மீ. ஸ்பனர் பிடிக்கும் எம்6 (6 மி.மீ. தடிப்புள்ள) போல்ட்டுகள். ஒரு போல்ட்டை இறுக்கியதும் அடுத்ததற்குப் போகாமல், அதற்கு எதிர்ப்பக்கத்தில் உள்ளதற்குப் போக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால் மூடி கோணி, மறுபக்கத்தில் கஸ்கட் (மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒயிலைத் தடுக்கும் மெல்லிய தகடு) சரியாக அழுந்தாது. முதற் சுற்றில் பாதி இறுக்கமும் இரண்டாம் சுற்றில் முழு இறுக்கமும் கொடுங்கள்.

முழு இறுக்கம் என்பது எவ்வளவு? உங்கள் வண்டியின் கைநூலில் உள்ள அளவே சரியானது. எம்6 போல்ட்டுக்கு அது பொதுவாக 10 நியூட்டன் மீற்றர் அளவில் இருக்கும். 20 செ.மீ. நீளமான பிடியின் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு விசை அவ்வளவுதான். நான் பழகிய காலத்தில், கசிவு நிற்கவில்லையே என்று ஒரு போல்ட்டை மேலும் மேலும் முறுக்கினேன். கூடிக்கொண்டே வந்த இறுக்கம் சட்டென்று விட்டுப்போனது. கழற்றிப் பார்த்தபோது, போல்ட்டின் புரிகளில் அலுமினியம் மெல்லிய கம்பிச் சுருளாகச் சுற்றியிருந்தது. போல்ட் இரும்பு, எஞ்சினின் உடல் அலுமினியம். தோற்பது பெரும்பாலும் அலுமினியம்தான்.

அளவாக இறுக்கியும் கசிந்தால் கஸ்கட்டை மாற்ற வேண்டும். அப்போது ஒயிலை வடித்துவிட்டு, கழற்றும் போல்ட்டுகளை ஒரு மட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். அவற்றின் நீளம் ஒரே மாதிரி இருக்காது. நீளமானதைக் குட்டையான துளையில் போட்டால், அடியில் முட்டி நிற்குமே தவிர மூடியை அழுத்தாது. பழைய கஸ்கட்டைத் திருப்புளியால் சுரண்டாதீர்கள். அந்தக் கீறல் வழியே ஒயில் மீண்டும் கசியும்.

வேலை முடிந்ததும் வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி வைத்து, ஒயில் மட்டத்தைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றிய பிறகே ஓட்டுங்கள்.