பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது முதலில் துருவைத் தேடுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி அடிக்கடி ஓட்டவும் வேண்டும் என்றால், இன்ஜினுக்கு முன்னால் பாடியைப் பாருங்கள். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம்; துருப்பிடித்த பாடியை வெட்டிப் பற்றவைக்கக் காரின் விலையைத் தாண்டியும் செலவாகலாம்.

என் முதல் தேர்வு, 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. எளிமையான, உழைக்கும் இன்ஜின். ஆனால் துணிக்கூரையின் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால், கதவுக்குக் கீழே உள்ள பகுதி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் அழுத்திப் பாருங்கள். அங்கே மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனால் போதும், துருவை மறைக்கத் தடிமனாகப் புட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது.

இன்னும் பழையது வேண்டுமா? 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் கார் நல்லது. உதிரி பாகங்களுக்குக் குறைவில்லை.

போர்ஷே 944 அருமையான கார்தான். ஆனால் இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையா? அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

அப்புறம், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்த இன்ஜினில் பல குறைகள் வெளியே தெரியாது.