தட்டை வேகனில் டிரெய்லரைப் பூட்டும் முறை

லாரியின் முன்பகுதியைக் கழற்றிவிட்டு, சரக்கோடு இருக்கும் டிரெய்லரை மட்டும் தட்டையான ரயில் வேகனில் ஏற்றி அனுப்பும் வழக்கத்தை அமெரிக்க ரயில்வேக்காரர்கள் ‘பிக்கிபேக்’ என்கிறார்கள். நம் பிள்ளைகளின் மொழியில் உப்புமூட்டை. முதுகில் ஏறும் பிள்ளை கழுத்தைத் தானே கட்டிக்கொள்ளும். டிரெய்லருக்கு அந்தப் பிடியை ஏற்றுபவர்தான் உறுதிசெய்ய வேண்டும்.

ஒரு காலத்தில் சங்கிலி, திருகு ஜாக்கி, சக்கரக் கட்டை ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு டிரெய்லரையும் ஆட்கள் மெனக்கெட்டுக் கட்டினார்கள். இப்போது வேகனில் பொருத்தப்பட்டிருக்கும் ‘ஹிட்ச்’ என்ற இரும்புத் தாங்கியே அந்த வேலையைச் செய்கிறது. டிரெய்லரின் முன்புற அடியில் துருத்தி நிற்கும் 2 அங்குல விட்டமுள்ள கிங்பின்னை ஹிட்ச்சின் தாடை கவ்விக்கொள்கிறது. ஓட்டத்தின்போது முன்னும் பின்னும் வரும் இழுவையைத் தாங்குவது பெரும்பாலும் இந்த ஒரு முளைதான் என்பதால், அது வளைந்தோ, தேய்ந்தோ, விரிசல் கண்டோ இருந்தால் டிரெய்லரை ஏற்றாமல் திருப்பி அனுப்புவதே முறை. அச்சை முன்பின் நகர்த்தும் வசதியுள்ள டிரெய்லராயின், அதன் பூட்டுமுளைகள் துளைகளில் முழுமையாக இறங்கியிருக்கின்றனவா என்பதையும் தரையிலேயே பார்த்துவிட வேண்டும்.

கிரேன் டிரெய்லரை இறக்கும்போது, கிங்பின் ஹிட்ச்சின் வாய்க்கு நேராக வந்த பிறகே பாரத்தை விட வேண்டும். பூட்டு விழும் ஓசையை நம்பக் கூடாது. தாடை முளையைச் சுற்றி மூடியிருப்பதையும், டிரெய்லரின் அடித்தகடு ஹிட்ச்சின் மேல்தகட்டோடு இடைவெளியின்றிப் படிந்திருப்பதையும் விளக்கடித்துக் கண்ணால் காண வேண்டும். சந்தேகம் இருந்தால் தூக்கி மறுபடி இறக்கச் சொல்லலாம். கிரேன் ஓட்டுநர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

அடுத்து, டிரெய்லரின் தாங்குகால்கள் வேகனின் தளத்தைத் தொடாதபடி உயர்ந்திருக்க வேண்டும். அவை தளத்தில் இடித்தால், வேகன் குலுங்கும் ஒவ்வொரு முறையும் டிரெய்லரின் முன்பகுதி மேலே உந்தப்பட்டு, பூட்டின் மீது தேவையற்ற விசை விழும். கால்களைச் சுழற்றும் கைப்பிடியை மடக்கி மாட்டுவதும், டயர்கள் தளத்தின் விளிம்பைத் தாண்டாமல் முழுமையாக அமர்ந்திருப்பதைப் பார்ப்பதும் சிறிய வேலைகள்தாம்.

வெளியே எவ்வளவு கச்சிதமாகப் பூட்டினாலும், உள்ளே சரக்கு தளர்வாக இருந்தால் பயனில்லை. சாலையில் அசையாமல் வந்த சரக்கு ரயிலிலும் அப்படியே வரும் என்று எண்ணிவிடக் கூடாது: வேகன்களை இணைக்கும்போது விழும் மோதலும், நீண்ட ரயில் இழுபட்டும் நெருங்கியும் ஓடுகையில் ஏற்படும் அதிர்வும் நீளவாக்கில் தாக்குகின்றன. வேகன்கள் மணிக்கு 4 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் மோதினாலே சரக்கு சேதமாகலாம். ஆகவே எடையை இருபுறமும் சமமாகப் பரப்பி, இடைவெளிகளைக் காற்றுப்பைகளாலோ மரச்சட்டங்களாலோ அடைத்து, கதவின் மீது சரக்கு சாயாதபடி பின்புறத்திலும் தடுப்பு வைக்க வேண்டும். அதன்பின் கதவைத் தாழிட்டு முத்திரை வைக்கலாம்.