ஜன்னல் மாற்றுவது எப்படி: ஏழு மில்லிமீட்டரில் நான் மாட்டிக்கொண்ட கதை

"யூபிவிசியா, அலுமினியமா, மரமா?" ஜன்னல் மாற்ற நினைக்கும் எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். (யூபிவிசி என்பது சட்டம் செய்யும் ஒரு கெட்டியான பிளாஸ்டிக்.) நானும் இரண்டு வாரம் இதையே மென்றுகொண்டிருந்தேன். கடைசியில் காலை வாரிவிட்டது வேறொன்று: சுவரை நான் அளந்த விதம். அதனால் அந்தப் படியை மட்டும் நீட்டி முழக்கப் போகிறேன்.

1. நிலையை எடுப்பதா, விடுவதா?

பழைய மர நிலையின் கீழ் மூலைகளில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். நுனி மெத்தென்று உள்ளே போனால் மரம் உளுத்துவிட்டது. நிலையோடு எடுக்க வேண்டியதுதான். உறுதியாக இருந்தால் கதவுகளை மட்டும் மாற்றலாம். பழைய நிலைக்குள்ளேயே புதுச் சட்டத்தைச் செருகும் வழியும் உண்டு. சுவரை உடைக்க வேண்டாம், ஆனால் கண்ணாடியின் பரப்பு குறையும். சின்ன ஜன்னலில் அந்தக் குறைவு நன்றாகவே தெரியும்.

2. எப்படித் திறக்க வேண்டும்?

சட்டத்துக்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் எப்படிப் பார்த்தாலும் பாதிதான் திறக்கும். கீல் வைத்த கதவு முழுதும் திறக்கும். மூடும்போது ரப்பர் பட்டையை அழுத்திக்கொண்டு உட்காருவதால் தூசியும் சத்தமும் குறைவாக வரும். ஸ்லைடிங்கில் கதவு ஓட வேண்டுமே, அதனால் அங்கே அழுத்தும் ரப்பருக்குப் பதில் பிரஷ் மாதிரியான பட்டை. அது காற்றை அந்த அளவுக்கு நிறுத்தாது. இடம் இருந்தால் நான் கீல் கதவைத்தான் எடுப்பேன். கதவு திறந்தால் யார் தலையிலாவது இடிக்கும் என்கிற இடத்துக்கு மட்டும் ஸ்லைடிங்.

(பின்சேர்க்கை: வெளிப்புறம் கம்பி இருக்கும் ஜன்னலுக்கு வெளியே திறக்கும் கதவைச் சொல்லிவிட்டு ஒருவர் விழித்துக்கொண்டிருந்தார். கம்பி எந்தப் பக்கம், கொசுவலை எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் என்று காகிதத்தில் மூன்று கோடு போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மாடி ஜன்னல் என்றால் வெளிக்கண்ணாடியை எப்படித் துடைப்பது என்பதையும் அப்போதே யோசித்துவிடுங்கள்.)

3. அளவு எடுப்பது

நான் செய்தது இதுதான். நடுவில் டேப்பை வைத்தேன், 1204 மி.மீ. காட்டியது. "நாலு மில்லி விட்டால் போதும்" என்று 1200-க்குச் சொல்லிவிட்டேன். வந்த ஜன்னல் மேலே அழகாக நுழைந்தது, கீழே ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. அங்கே பூச்சு தடித்திருந்தது. அகலம் 1193 தான். அந்த ஏழு மில்லிமீட்டருக்காகப் பூச்சைக் கொத்தப் போய், உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது.

சரி, நீங்கள் இப்படி அளங்கள். அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில். உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்தில். மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் அளவு. அதிலிருந்து 10 மி.மீ. கழித்துவிடுங்கள், பக்கத்துக்கு 5 வீதம் இடைவெளி கிடைக்கும். என் கணக்கு 1183 ஆக இருந்திருக்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. இரு பக்கச் சுவரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் மூன்று அகலமும் ஒன்றாகவே இருக்கும், ஜன்னல் மட்டும் நுழையாது. இதைப் பிடிக்க மூலைவிட்டங்கள் இரண்டையும் அளங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் திறப்பு கோணிப் போயிருக்கிறது. ரசமட்டம் வைத்து எந்தப் பக்கம் எவ்வளவு என்று பார்த்து, அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

லேசர் மீட்டர் எனக்குப் பிடிக்காது. அது ஒரு புள்ளியை மட்டும் பார்க்கும், பக்கத்தில் இருக்கும் மேட்டைச் சொல்லாது. டேப்போ மூலையில் வளைந்து கண்ணை ஏமாற்றும். ஆசாரி ஒருவர் காட்டிய வழி இரண்டையும்விட நல்லது. இரண்டு நேரான குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து, இரு முனையும் சுவரைத் தொடும்வரை நகர்த்துங்கள். இரண்டும் சேரும் இடத்தில் குறுக்கே பென்சில் கோடு போட்டு, வெளியே எடுத்து, கோட்டைப் பொருத்தி அளந்துகொள்ளுங்கள். மூலைவிட்டத்துக்கும் இதே குச்சிதான், முனையை மட்டும் கூராக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் மில்லிமீட்டரிலேயே எழுதுங்கள். நீங்கள் எழுதியது சுவர்த் திறப்பின் அளவா, ஜன்னலின் அளவா என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். நீங்களும் ஜன்னல் செய்பவரும் தனித்தனியாக 10 மி.மீ. கழித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

4. சட்டம்

யூபிவிசி என்றால் உள்ளே எஃகுக் குழாய் வைக்கிறார்களா என்று கேளுங்கள்; பெரிய கதவு அது இல்லாமல் வளையும். அலுமினியம் மெலிதாக, உறுதியாக இருக்கும், ஆனால் வெப்பத்தை அப்படியே கடத்தும். அதைத் தடுக்க நடுவில் பாலிஅமைடு (வெப்பத்தை எளிதில் கடத்தாத பிளாஸ்டிக்) பட்டை வைத்த ரகம் தனியாக உண்டு. மரம் அழகு, பராமரிக்கப் பொறுமை இருந்தால்.

5. கண்ணாடி

ஒற்றைக் கண்ணாடியின் யூ-மதிப்பு சுமார் 5.8. நடுவில் காற்று விட்ட இரட்டைக் கண்ணாடிக்குச் சுமார் 2.8. இந்த எண் குறையக் குறைய வெப்பம் கடப்பது குறையும். ஆனால் நேர் வெயிலுக்கு இரட்டைக் கண்ணாடி மட்டும் போதாது. கதிர் ஊடுருவி வந்துவிடும். மேற்கு ஜன்னலுக்கு வெயிலைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி வேண்டும். அதற்குப் பார்க்க வேண்டிய எண் எஸ்எச்ஜிசி, அதாவது வெயிலின் வெப்பத்தில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது என்ற கணக்கு. அதுவும் குறைவாக இருப்பது நல்லது. சத்தம்தான் தொல்லை என்றால் லேமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது), அல்லது 6, 4 மி.மீ. என்று வெவ்வேறு தடிமனில் இரட்டை.

டஃபன்ட் கண்ணாடியை (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கியது) தயாரான பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, சில்லுசில்லாகிவிடும். மூன்றாம் படிக்கு அவ்வளவு இடம் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

6. பொருத்தும் நாள்

பக்கத்திலேயே இருங்கள். சட்டத்தின் அடியில் மழைநீர் வெளியேறச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். ஓட்டை என்று நினைத்துச் சிலர் சிலிக்கானால் அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் தண்ணீர் டிராக்கில் தேங்கி வீட்டுக்குள் வழியும். ஒரு குவளைத் தண்ணீரை டிராக்கில் ஊற்றி, அது வெளிப்பக்கம் சொட்டுகிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.