கழிவுநீர் இணைப்பு இல்லாத முகாமில் சோப்பு நீரைச் சமாளிப்பது

காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் டிரெய்லரில் பெரும்பாலும் முதலில் நிரம்புவது கழிப்பறைத் தொட்டி அல்ல; பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேரும் தொட்டிதான். தட்டிலுள்ள எண்ணெயைக் காகிதத்தால் வழித்துக் குப்பையில் போட்ட பிறகே நான் தண்ணீரைத் தொடுவேன். தொட்டி நாறுவதற்கு அந்தக் கொழுப்பும் ஒரு முக்கியக் காரணம். குளிக்கும்போது உடலை நனைத்ததும் குழாயை மூடி, சோப்புத் தேய்த்து, பிறகு திறந்து அலசுங்கள்.

இந்தச் சோப்பு நீரை இரவோடு இரவாக மண்ணில் திறந்துவிடுவதை என்னால் ஏற்கவே முடியாது. மட்கும் சோப்பும் ஓடையில் கலந்தால் மீன்களுக்குக் கேடுதான்.

நிரம்பினால், சக்கரம் வைத்த சிறு தொட்டியில் இறக்கிக் கழிவு அகற்றும் நிலையத்துக்கு இழுத்துச் செல்லலாம். 60 லிட்டர் என்றால் 60 கிலோ. எந்த அளவுத் தொட்டி வாங்குவது என்று முன்பே யோசியுங்கள். டிரெய்லரையே கொண்டுபோனால், கழிப்பறைத் தொட்டியின் வால்வை முதலில் திறங்கள். சோப்பு நீரை அடுத்து விட்டால் குழாயும் அலசப்பட்டுவிடும்.