ஒரே மூட்டையில் இரண்டு சீட்டு: பங்க்ஷனுக்கு லிஸ்டை அனுப்பும் முறை

யாங்கூன் பயின்னவுங் சந்தையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நம்மவர் ஒருவருக்குப் பைத்தானில் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். உள்ளூர் பில்லுக்கு வீசை, ஏற்றுமதிச் சரக்குக்குக் கிலோ. பர்மாவில் ஒரு வீசை என்றால் சுமார் 1.633 கிலோ.

ஒருநாள் காலையில் போன். “தம்பி, 50 வீசை உளுந்து. வீசை 6,000 கியாட்டு. மூணு லட்சம்தானே வரணும்? பில்லுல 4,89,900ன்னு நிக்குதே!”

போய்ப் பார்த்தேன். பில் போடுவதற்கு முன்னால் ஏற்றுமதிப் பட்டியலை எடுத்திருக்கிறார். அப்போது, எடைகள் என்ற லிஸ்டை வாங்கி வீசையைக் கிலோவாக மாற்றும் கிலோவாக்கு(எடைகள்) என்ற என் பங்க்ஷன் ஓடியிருக்கிறது. அதற்குள் இருந்த வரி இது (பைத்தான் 3இல் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், நான் அப்படித்தான் எழுதுவேன்):

எடைகள்[0] = எடைகள்[0] * 1.633

பங்க்ஷனுக்கு லிஸ்டை அனுப்பினால் நகல்தான் போகும் என்று நினைத்திருந்தேன். நகல் போகவில்லை. வெளியே இருந்த லிஸ்டின் முதல் எண், அதாவது எடைகள்[0]இல் இருந்த 50, 81.65 ஆகிவிட்டது. பில் அதை வீசை என்றே எண்ணி 6,000ஆல் பெருக்கிவிட்டது. வாங்க வந்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

கிடங்கில் மூட்டைக்குச் சீட்டு கட்டுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் வேரியபிள் என்பது சீட்டு, சரக்கு மூட்டையில் இருக்கிறது. பங்க்ஷனைக் கூப்பிட்டால் அதே மூட்டையில் இன்னொரு சீட்டும் ஏறுகிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பவர் மூட்டையைப் பிரித்து உளுந்தை அள்ளினால் வெளியே இருப்பவருக்கும் குறையும். ஆனால் அவர் தன் சீட்டை மட்டும் அவிழ்த்து வேறு மூட்டையில் கட்டினால் உங்கள் மூட்டைக்கு ஒன்றும் ஆகாது. பங்க்ஷனுக்குள்ளே

எடைகள் = [0, 0]

என்று எழுதிப் பாருங்கள். வெளியே எதுவும் மாறாது. ‘லிஸ்ட் பை ரெஃபரன்ஸ் (அசலே போகும்), எண் பை வேல்யூ (நகல் போகும்)’ என்று பலர் சொல்லிக்கொடுப்பது இதனால்தான் தவறு. இரண்டுக்கும் விதி ஒன்றே. எண் பிரிக்க முடியாத மூட்டை, சீட்டை மாற்றிக் கட்ட மட்டுமே வழி உண்டு. கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவும் அவருடன் இருந்தவர்களும் 1970களில் சிஎல்யு (CLU) என்ற புரோகிராமிங் மொழியை உருவாக்கியபோது இந்த முறைக்கு வைத்த பெயர் ‘கால் பை ஷேரிங்’. எனக்கு அந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

சரிசெய்ய, பங்க்ஷனின் முதல் வரியிலேயே நகல் எடுங்கள்:

புதிது = எடைகள்[:]
புதிது[0] = புதிது[0] * 1.633

கடைசியில் புதிது என்பதை ரிட்டர்ன் செய்யுங்கள். கூப்பிடும் இடத்திலும் கிலோக்கள் = கிலோவாக்கு(எடைகள்) என்று வேறு பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒன்று, கூட்டல் குறி.

எடைகள் = எடைகள் + [12]
எடைகள் += [12]

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது புது லிஸ்ட் செய்து சீட்டை அங்கே மாற்றுகிறது, வெளியே பாதிப்பில்லை. இரண்டாவது பழைய மூட்டைக்குள்ளேயே கொட்டுகிறது.

இன்னொன்று, லிஸ்டுக்குள் லிஸ்ட். [["உளுந்து", 50], ["துவரை", 30]] என்று சரக்கை வைத்திருந்தால் [:] போட்டு எடுத்த நகல் மேல்தட்டுக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் ["உளுந்து", 50] இரண்டு லிஸ்டுக்கும் பொது. அங்கே 50ஐ மாற்றினால் பழைய கதைதான். அதற்குக் காப்பி மாட்யூலில் இருக்கும், உள்ளே இருப்பதையும் சேர்த்து நகலெடுக்கும் டீப்காப்பி வேண்டும். லிஸ்ட் பெரிதாக இருந்தால் அது நேரமும் மெமரியும் தின்னும், தேவைப்படும் இடத்தில் மட்டும் போடுங்கள்.

மற்ற மொழிகளைப் பற்றிச் சுருக்கமாக. சி மொழியில் எல்லாமே பை வேல்யூ. வெளியே இருப்பதை மாற்ற வேண்டுமென்றால் முகவரியை, அதாவது பாயிண்டரை, அனுப்ப வேண்டும். அர்ரேயை (சியில் லிஸ்ட் போன்றது) அனுப்பினால் போவது அதன் முதல் உறுப்பின் முகவரி. ஜாவாவிலும் எல்லாம் பை வேல்யூதான். ஆப்ஜெக்ட்டுக்குப் போகும் அந்த வேல்யூ ஒரு ரெஃபரன்ஸ், ஆகவே பலன் பைத்தானைப் போலவே. சி++இல் வெக்டரை (அங்கே லிஸ்ட் போன்றது) சும்மா அனுப்பினால் முழு நகல். டைப்புக்குப் பின்னால் & போட்டால் அசலே போகும். பெரிய வெக்டரைப் படிக்க மட்டும் வேண்டுமென்றால் கான்ஸ்ட்டும் சேர்த்துப் போடுங்கள், நகலும் இல்லை, கைவைக்கவும் முடியாது.

இப்போது அந்தக் கடை புரோகிராமில் கிலோவாக்கு பங்க்ஷனுக்குக் கீழே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். 50 வீசையை அனுப்பி, திரும்பி வந்தது 81.65 தானா, அனுப்பிய லிஸ்டில் இன்னமும் 50 இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்கும். பொருந்தவில்லை என்றால் பில் திரையே திறக்காது.