இங்கிலீஷ்ல அந்த 'ங்க'வ எங்க போடுறது?

வேலைக்குச் சேர்ந்த புதுசுல லண்டன் கிளையன்ட் ஒருத்தர்கிட்ட கால்ல "வொய் யூ டிட் நாட் சென்ட் த ஃபைல்?"னு கேட்டேன், அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல, கால் முடிஞ்சதும் எங்க டீம் லீட் அக்கா "ஏன்ப்பா அவர சண்டைக்கு இழுக்குற?"ன்னாங்க. நான் மனசுல கேட்டது "ஃபைல் ஏன் அனுப்பலீங்க சார்?"னுதான், அந்த 'ங்க' வழியிலயே விழுந்துடுச்சு.

நமக்கு மரியாதை வாலுல இருக்கு, சொல்லுங்க, குடுங்கன்னு. அங்க நீயும் யூ, நீங்களும் யூ. அதனால மரியாதைய கேள்வியோட தலையில வைக்கணும், குட் யூ, வுட் யூன்னு. ஃப்ரெண்டுகிட்ட கேன் யூ போதும். குட்-னா பாஸ்ட் டென்ஸ் ஆச்சேன்னு குழம்பாதீங்க, இங்க அது ஒரு அடி தள்ளி நின்னு கேக்குற மாதிரி, "ஐ வாஸ் வொன்டரிங் இஃப்..."ல வர்ற வாஸும் அதே கதைதான். வெறும் ப்ளீஸ் மட்டும் நம்பாதீங்க, "ப்ளீஸ் சென்ட் த ஃபைல்" அப்பவும் ஆர்டர்தான்.

இதுல ஒரு பள்ளம் இருக்கு. "குட் யூ டெல் மீ வேர் இஸ் த ஸ்டேஷன்?"னு சொல்லக்கூடாது, "வேர் த ஸ்டேஷன் இஸ்", அந்த இஸ் கடைசிக்குப் போயிடும், எனக்கு இது நாக்குல பழக ரொம்ப நாள் ஆச்சு.

வொய்-ல ஆரம்பிச்சாலே விசாரணை மாதிரி ஆயிடும். ஃபைல் வரலன்னா "டிட் யூ கெட் எ சான்ஸ் டு சென்ட் த ஃபைல்?", அவ்ளோதான், அவங்களே சாரி சொல்லி அனுப்பிடுவாங்க.

"ஐ ஹேவ் எ டவுட்" நம்ம கிளாஸ்ரூம்ல ஓகே, வெளிநாட்டுக்காரங்க காதுல நீங்க சொன்னத நான் நம்பலன்னு விழ வாய்ப்பிருக்கு, க்வெஸ்டின்னு சொல்லுங்க. பேர் கேக்க "வாட் இஸ் யுவர் குட் நேம்?" வேணாம், அந்த குட் நேம் ஹிந்தி சுப் நாம்-லேருந்து வந்தது, "மே ஐ ஹேவ் யுவர் நேம்?" போதும். காதுல சரியா விழலன்னா "வாட்?" வேணாம், "சாரி?"ன்னு இழுத்து கேளுங்க.

"டு யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?"னு யாராவது கேட்டா நம்மாளுங்க பாசமா "யெஸ் யெஸ்"ங்கறாங்க, பாவம் அந்த ஆளு நின்னுட்டே இருப்பாரு. அவர் கேட்டது 'நான் உட்கார்ந்தா உங்களுக்கு ஆட்சேபணையா?'ன்னு, அதனால உட்காரச் சொல்லணும்னா நோ சொல்லணும், "நோ, நாட் அட் ஆல்".

ரொம்பவும் குழையாதீங்க, ரூம்மேட்கிட்ட உப்பு வாங்க "ஐ வாஸ் வொன்டரிங்"னு ஆரம்பிச்சா நக்கல் பண்றோம்னு நினைப்பான்.