வளைகுடாக் கப்பல் பயணம்: கிழமை பார்த்துத் திட்டமிடும் முறை

துபாய், அபுதாபி, தோஹா, மஸ்கட் என்று பாலைவனக் கரையோரமாகப் போகும் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்தும் இப்போது குடும்பங்கள் கிளம்புகின்றன. முதல் முறை போகிறவர்களில் பலர் கப்பலின் படத்தையும் விலையையும் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். இந்தப் பயணத்துக்கு அது தலைகீழ் வரிசை. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். அடுத்து எந்தத் துறைமுகத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள். கப்பலைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகுதான்.

படி 1: மாதம்

நவம்பர் முதல் மார்ச் வரைதான் பருவம். ஏப்ரல் தொடக்கம் வரை சமாளிக்கலாம். ஜனவரியில் துபாயில் பகல் வெப்பம் 24 டிகிரி அளவில் இருக்கும், இரவில் 15 டிகிரி வரை இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பல நாள் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது கடல் நீரே 32 டிகிரிக்கு மேல் சூடேறி, கரையோரக் காற்றில் புழுக்கம் ஏற்றும். "நமக்கு வெயில் பழக்கம்தானே" என்ற கணக்கு அங்கே எடுபடாது.

டிசம்பர் பள்ளி விடுமுறை பருவத்துக்குள் விழுவது வசதிதான், ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் விலை ஏறும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத குடும்பத்துக்கு ஜனவரி நடுப்பகுதி நல்லது. பொங்கலும் தைப்பூசமும் அதே வாரங்களை ஒட்டி வரும் என்பதால் நாட்காட்டியைப் பார்த்துவிட்டே தேதி குறியுங்கள்.

நோன்பு மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது; 2027ல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தொடங்கும். கப்பலுக்குள் சாப்பாட்டில் மாற்றம் இருக்காது. கரையில்தான் பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும், கடைகளின் நேரம் மாறும். ஓமானில் அந்த மாதத்தில் பகலில் பொது இடத்தில் தண்ணீர் குடிப்பதையும் தவிர்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த மாதத்தை விட்டுவிடலாம்.

படி 2: துறைமுகமும் கிழமையும்

துபாயில் ஏறித் துபாயிலேயே இறங்கும் ஏழு இரவுப் பயணங்களே பழகுவதற்கு எளிது. தோஹாவில் ஏறும் பயணங்களும் உண்டு. வழித்தடங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று அபுதாபி, சர் பனியாஸ் தீவு, தோஹா, பஹ்ரைன் என்று வளைகுடாவுக்குள்ளேயே சுற்றும். மற்றொன்று ஓமானின் கஸாப் வழியாக ஹொர்முஸ் நீரிணையைக் கடந்து, அந்நாட்டுத் தலைநகர் மஸ்கட் வரை போகும். இரண்டாவதைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம். முதல் வகையில் ஊருக்கு ஊர் உயர்ந்த கட்டடங்களே கண்ணில் படும். மஸ்கட்டில் மொட்டைப் பாறை மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. கஸாப்பில் பாய்மரக்கல வடிவப் படகில் ஏறினால் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த நீர்வழிகளில் போகலாம். ஓங்கில்கள் (டால்பின்கள்) அடிக்கடி படகோடு சேர்ந்து நீந்தும். 1860களில் இந்தியாவுக்கான தந்திக் கம்பிக்கு நிலையம் அமைத்த தந்தித் தீவும் அந்த வழியில்தான் இருக்கிறது.

வழித்தடம் கிடைத்ததும் ஒரு தாளில் தேதி, கிழமை, துறைமுகம், கப்பல் வரும் நேரம், கிளம்பும் நேரம் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். பிறகு கீழே உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள்.

மஸ்கட்டில் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் சனி முதல் வியாழன் வரை காலை 8 முதல் 11 மணி வரைதான் போகலாம், வெள்ளியன்று அனுமதியில்லை. துறைமுகத்தை ஒட்டிய முத்ரா சந்தை வெள்ளி காலையில் பெரும்பாலும் மூடியிருக்கும். மற்ற நாள்களிலும் மதியம் ஒரு மணி வாக்கில் அடைத்துவிட்டு, மாலை நான்கு, ஐந்துக்குத் திறப்பார்கள். ஆகவே கப்பல் வெள்ளியன்று மஸ்கட்டில் நின்றால் அந்த ஊரின் இரண்டு முக்கிய இடங்களும் கைவிட்டுப் போகும்.

அபுதாபியில் தவிர்க்க வேண்டிய கிழமை திங்கள். 2024 பிப்ரவரி 14ல் திறந்த பாப்ஸ் இந்துக் கோயில் அன்று மூடியிருக்கும், லூவ்ர் அருங்காட்சியகமும் அப்படியே. கோயில் நகருக்குள் இல்லை, துபாய் நெடுஞ்சாலைப் பக்கம் அபு முரைகாவில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து டாக்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நுழைவு இலவசம், ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலும் இலவசம், அதற்கும் முன்பதிவு வேண்டும். பள்ளிவாசல் துறைமுகத்துக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட தூரத்தில் இருப்பதால் ஒரே டாக்சியில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஐக்கிய அரபு சிற்றரசுகளில் 2022 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளி அரை நாள். ஓமானில் வெள்ளி, சனி.

"மஸ்கட் 08:00 – 18:00" என்று அட்டவணையில் இருந்தால் பத்து மணி நேரம் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. எட்டுக்குக் கப்பல் கட்டினாலும் அனுமதி கிடைத்துப் படியிறங்க எட்டே முக்கால் ஆகலாம். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், இலவசப் பேருந்தில் வாசலுக்கு வர வேண்டும். வாசலில் நிற்கும் டாக்சியோடு போகவரக் கட்டணத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் ஓமானி ரியாலில் பேசி முடித்த பிறகே ஏறுங்கள். ஒரு ரியால் 1000 பைசா, மதிப்பில் இரண்டரை அமெரிக்க டாலருக்கு மேல். "ஐந்துதானே" என்று தலையாட்டிவிடாதீர்கள். பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர 25 நிமிடம். ஆக ஒன்பதேகாலுக்கு உள்ளே போய், பத்தரைக்கு வெளியே வந்து, பதினொன்றுக்கு முத்ரா சந்தைக்குத் திரும்பினால் கடை அடைக்குமுன் இரண்டு மணி நேரம் கிடைக்கும். இதே வரிசையைத் திருப்பிப் போட்டால் பள்ளிவாசல் கிடைக்காது. கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரம் பெரும்பாலும் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பு.

சந்தையில் குந்திரிக்கம் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பாருங்கள். ஓமானின் டோஃபார் வட்டாரத்துப் பிசினில் வெளிறிய, லேசாகப் பச்சை படிந்த, தூசியில்லாத கட்டிகள்தான் உயர் ரகம். அடர்பழுப்பில் மரப்பட்டைத் துணுக்கோடு இருப்பது மட்ட ரகம்.

படி 3: பாதுகாப்பு நிலவரம்

முன்பணம் கட்டுவதற்கு முன் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் பயண அறிவிப்பைப் படியுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மறுபடியும் படியுங்கள். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதிலிருந்து பல நிறுவனங்கள் அந்த வழியை விட்டு விலகின. 2025 ஜூன் 23 அன்று கட்டார் தன் வான்வெளியைத் தற்காலிகமாக மூடியது. ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில், துறைமுகத்தை மாற்றவோ விடவோ கப்பல் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கும். அப்படி விட்டால் பெரும்பாலும் துறைமுக வரி மட்டுமே திரும்ப வரும். பயணக் காப்புறுதி பல சமயம் போரால் வரும் இழப்பை ஏற்பதில்லை, வாங்குமுன் அந்தப் பிரிவைக் கேட்டுப் படியுங்கள். தேதி மாற்ற முடிகிற விமானச் சீட்டு கொஞ்சம் விலை கூடினாலும் இந்த வட்டாரத்துக்கு அதுவே சரி.

படி 4: செலவுக் கணக்கு

விளம்பரத்தில் வரும் விலை, ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் விலை. தனியாகப் போகிறவர் கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் கட்ட நேரலாம். அதன் மேல் துறைமுக வரி, பணியாளர் கட்டணம், வைஃபை, பானங்கள், கரைச் சுற்றுலா எல்லாம் சேரும். பணியாளர் கட்டணம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் என்று வைத்தால், நான்கு பேருக்கு ஏழு இரவில் 336 டாலர். அது விலையில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கோலாலம்பூரிலிருந்து போகிறவர்களுக்குப் பல சமயம் விமானச் சீட்டே கப்பலை விடப் பெரிய செலவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே "மலிவு" என்று முடிவு செய்யுங்கள்.

இந்தப் பயணத்துக்குப் பால்கனி அறை அவசியமில்லை. துறைமுகத்தில் நிற்கும்போது நீங்கள் பெரும்பாலும் கரையில் இருப்பீர்கள், கடற்பயணமோ பாதி இரவில். உள் அறை எடுத்து, மிச்சமாகும் பணத்தைக் கஸாப் படகுக்கும் மாலை நேரப் பாலைவனச் சுற்றுலாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். வளைகுடா சராசரி 35 மீட்டர் ஆழமே உள்ள கடல், வழக்கமாக அமைதியாக இருக்கும். ஷமால் என்ற வடமேற்குக் காற்று வீசினால் மட்டும் குட்டை அலைகள் நெருக்கமாக அடுத்தடுத்து வந்து கப்பலை உலுக்கும். குளிர்காலத்தில் அந்தக் காற்று சில நாள்கள் தொடரலாம், புழுதியையும் கொண்டுவரும்.

படி 5: ஆவணமும் மருந்தும்

பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 ரிங்கிட், பெரியவர்கள் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்திலேயே புதுப்பிக்கலாம். ஐக்கிய அரபு சிற்றரசுகள், கட்டார், ஓமான் மூன்றுக்கும் குறுகிய வருகைக்கு மலேசியர் முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லாத ஏற்பாடு உண்டு. விதி மாறக்கூடியது என்பதால் கட்டணம் கட்டும் வாரத்தில் சரிபாருங்கள். சில கப்பல்கள் ஏறியதும் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்ளும், அதனால் இரண்டு நகல் கையில் இருக்கட்டும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மருந்திலும் மசாலாவிலும்தான். அரசு கிளினிக்கில் தரும் மாத்திரைகள் சிறு பிளாஸ்டிக் பையில், மலாய்ச் சீட்டோடு வரும். துபாய்ச் சுங்கத்தில் அதைக் காட்டி விளக்க முடியாது. மருந்தின் பொதுப் பெயர், அளவு, நோய் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடோல், சில தூக்க மாத்திரைகள் அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை, முன் அனுமதி இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் அது உறைந்து கெட்டுவிடலாம்.

கசகசா ஐக்கிய அரபு சிற்றரசுகளில் தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த குருமா மசாலாப் பொட்டலம், கசகசா தூவிய பலகாரம் எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. வெற்றிலை பாக்கும் அங்கே தடை. பாட்டியின் சுருக்குப் பையை வீட்டிலேயே திறந்து, மடிப்பில் ஒட்டியிருக்கும் பாக்குத் தூள் வரைக்கும் தட்டிவிடுங்கள்.

படி 6: பெட்டி

நம் ஊர் மூன்று முள் பிளக் துபாய், தோஹா, மஸ்கட்டில் அப்படியே பொருந்தும். கப்பலில் பெரும்பாலும் இரண்டு முள் துளைகள்தான், மாற்றுப் பிளக் ஒன்று வேண்டும். ரைஸ் குக்கர், கெத்தில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் தீ அபாயத்துக்காக ஏறும்போதே பறிமுதலாகும். சைவம் சாப்பிடுகிறவர்கள் அதைப் பதிவு செய்யும்போதே குறிப்பிட்டுவிடுங்கள்.

மணிக்கட்டும் கணுக்காலும் மறைக்கும் பருத்தி உடை, பெண்களுக்குத் தலை மறைக்க ஒரு சால்வை, மாலைக்கு ஆளுக்கொரு ஜாக்கெட். மணல்மேட்டில் சூரியன் மறைந்த அரை மணியிலேயே குளிர் தெரியும். வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்வதால் தாகம் தெரியாமலேயே உடம்பில் நீர் குறையும். கரைக்கு இறங்கும்போது ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொண்டு போங்கள். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மணல்மேட்டு வண்டிச் சவாரியை விட்டுவிட வேண்டும்.

படி 7: கிளம்பும் நாளும் கப்பலிலும்

கப்பல் ஏறும் நாளுக்கு முந்தைய நாளே துபாயில் இறங்கிவிடுங்கள். விமானம் ஏழு மணி நேரம், அது தாமதமானால் கப்பல் காத்திருக்காது. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ வரை காரில் நான்கு மணி நேரம், விடுமுறைக் காலத்தில் இன்னும் கூடும். காரில்லாதவர்களுக்கு ஈப்போ அமான்ஜெயா பேருந்து நிலையத்திலிருந்து நேர்ப் பேருந்து இருக்கிறது.

துபாய், மஸ்கட் நேரம் நம்மை விட நான்கு மணி பின்னே, தோஹா, பஹ்ரைன் ஐந்து மணி பின்னே. கைத்தொலைபேசி தானாகவே கரை நேரத்துக்கு மாறலாம், கப்பல் மாறாமல் இருக்கலாம். கையில் கட்டும் கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்து, அதன்படியே திரும்புங்கள். கடலில் தொலைபேசியை விமான நிலையில் (ஃபிளைட் மோட்) போடுங்கள்; இல்லையென்றால் செயற்கைக்கோள் இணைப்பில் தானாகச் சேர்ந்து பெரிய பில் வரும். ஐக்கிய அரபு சிற்றரசுகளில் வாட்ஸ்அப் செய்தி போகும், பேச்சு இணைப்பு கிடைக்காது. வீட்டில் இருப்பவர்களிடம் அதை முன்பே சொல்லிவிட்டால் பதற மாட்டார்கள்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். ஆகவே தொலைவான பாலைவனப் பயணத்தைக் கப்பல் நிறுவனம் வழியாகவும், முத்ரா சந்தை போன்ற பக்கத்து இடங்களைச் சொந்தமாகவும் போய் வாருங்கள்.

இறங்கும் நாளுக்கு முந்தைய இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் கரையில்தான் அவை கிடைக்கும். மறுநாள் உடுப்பு, செருப்பு, மருந்து, கடப்பிதழ் நான்கையும் கைப்பையில் எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். ஊர் திரும்பும் விமானம் மதியம் இரண்டு மணிக்குப் பிந்தியதாக இருக்கட்டும்.